அணில் வேட்டையில் நடந்த விபரீதம்: இனி .22 வேண்டாமா, ஷாட்கன் வாங்கலாமா?

ஓசார்க் காட்டான்

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், கேள்வி அப்புறம்.

மிசௌரியின் தெற்குப் பக்கம், ஓசார்க் மலைக்காட்டில், தெரிந்த விவசாயி ஒருவருடைய 40 ஏக்கர் நிலம். முழுக்க ஓக், ஹிக்கரி மரங்கள். நானும் ஒரு நண்பரும் சாம்பல் அணில் வேட்டைக்குப் போயிருந்தோம். நான் கீழே ஓடைக்கரையில் உட்கார்ந்துகொண்டேன், அவர் மேட்டின் உச்சிக்குப் போய்விட்டார். அவரிடம் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) போட்ட .22 ரைஃபிள், அதாவது 0.22 அங்குலக் குழலில் ஒற்றைக் குண்டு சுடுவது. ஜனவரி மாதம், ஒரு மரத்திலும் இலை கிடையாது. உச்சாணிக் கிளையில் ஓர் அணில், அதற்குப் பின்னால் வெறும் வானம். சுட்டுவிட்டார். அணில் தப்பித்து ஓடிவிட்டது. குண்டு மட்டும் பள்ளத்தாக்கைத் தாண்டிப் போய், எதிர் மேட்டுப் பண்ணை வீட்டு முற்றத்தில் நின்றிருந்த பிக்கப் டிரக்கின் பக்கக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு சீட்டுக்குள் புதைந்திருக்கிறது. அரை மைலுக்கு மேல் இருக்கும். வண்டியில் ஆள் இல்லை. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகள் எப்போதும் விளையாடுகிற முற்றம் அது, அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

ஷெரிஃபின் ஆள் வந்து விசாரித்தார். நண்பர் எதையும் மறைக்கவில்லை, கண்ணாடிக்கும் சீட்டுக்கும் பணம் கட்டினார், நேரில் போய் மன்னிப்பும் கேட்டார். நிலத்துக்காரர் எங்களை அடியோடு விரட்டவில்லை என்பதே பெரிய விஷயம். ஆனால் இனிமேல் தன் நிலத்தில் அணிலுக்கு ரைஃபிள் கூடாது, ஒரே தடவையில் பல சின்ன ரவைகளைச் சிதறவிடும் ஷாட்கன் அல்லது ஏர் கன் மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்.

இப்போது நண்பர் .22-வை விற்றுவிட்டு 12 கேஜ் ஷாட்கன் (கேஜ் எண் குறையக் குறையக் குழல் பெரிது) வாங்கப் போகிறேன் என்கிறார், அதுவும் இருப்பதிலேயே பெரிய தோட்டாவாகப் போட்டுக்கொள்வாராம். எனக்கு அது சரியாகப் படவில்லை. சின்னப் பிராணிக்குத் துப்பாக்கி தேர்ந்தெடுக்கும்போது எவ்வளவு பலம் என்று பார்ப்பதைவிட, தப்பிப் போகிற குண்டு எங்கே போய் விழும் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கென்டக்கி தாத்தா

நீ நினைப்பது சரி தம்பி. கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

.22 லாங் ரைஃபிள் தோட்டா டப்பாவை எடுத்துப் பார், ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று அதிலேயே அச்சடித்திருக்கும். குண்டு வெறும் 40 கிரெயின், இரண்டரை கிராம் சொச்சம்தான். சின்னதாயிற்றே என்று எல்லோரும் அலட்சியமாக இருக்கிறார்கள். ஆனால் மேல்நோக்கிச் சாய்வாகச் சுட்டால் அது முழுத் தூரத்துக்கும் போகும். மரத்தில் இருக்கிற அணிலை நாம் வேறு எப்படிச் சுடுகிறோம்? சாய்வாகத்தானே? அதனால்தான் மான் வேட்டையைவிட அணில் வேட்டையில் .22 ஆபத்து. மானைத் தரையை நோக்கிச் சுடுகிறோம், தப்பினால் மண்ணில் புதையும்.

இப்போது ஷாட்கன் ரவைக்கு வா. ஈய ரவை அதிகபட்சம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: ரவையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து 2200-ஆல் பெருக்கு, கஜத்தில் விடை வரும். 6-ஆம் நம்பர் ரவை 0.11 அங்குலம், ஆக 242 கஜம். 4-ஆம் நம்பர் 0.13 அங்குலம், 286 கஜம். அந்தத் தூரத்தில் விழும்போது அதில் வேகமே இருக்காது, ஆனாலும் கண்ணில் பட்டால் கண் போய்விடும், அதை மறக்காதே.

உன் 40 ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 440 கஜம், அதாவது கால் மைல். நடுவில் நின்று 6-ஆம் நம்பர் சுட்டால் எல்லையை ஒட்டியோ கொஞ்சம் தாண்டியோ விழும். ஒன்றரை மைல் போகிற .22 அதே அளவு நிலங்கள் ஆறைத் தாண்டும். அந்த ஆறு நிலங்களிலும் யார் இருக்கிறார்கள் என்று உனக்கு எப்படித் தெரியும்?

மழைப்பெண்

வேட்டையே புரியாதவள் கேட்கிறேன், கோபப்படாதீர்கள். அணிலையா சுடுகிறீர்கள்? முதுகில் ராமர் தடவிக்கொடுத்த கோடு என்று பாட்டி சொல்லி வளர்ந்தோம். படிக்கவே மனசு என்னவோ செய்கிறது.

ஓசார்க் காட்டான்

கோபம் எதற்குங்க. நம்மூர் முற்றத்தில் ஓடுவது நூறு கிராம் சொச்சம் உள்ள கோட்டு அணில், இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குத் தடை. இங்கே இருப்பது வேறு சாதி. சாம்பல் அணில் அரைக் கிலோ வரும், நரி நிற அணில் ஒரு கிலோவைத் தொடும், கோடும் இல்லை. மிசௌரியில் மே மாத நாலாவது சனிக்கிழமை தொடங்கி பிப்ரவரி 15 வரை சீசன், ஒரு நாளைக்கு ஒருவர் 10 அணில் வரை எடுக்கலாம். இங்கே கிராமத்து ஆட்களுக்குத் தலைமுறை தலைமுறையாக இது சாப்பாடு. நாங்களும் சாப்பிடத்தான் சுடுகிறோம், சுட்டதை வீணாக்குவதில்லை. உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் அதையும் மதிக்கிறேன்.

ஹிக்கரி நிழல்

12 கேஜ் பெரிய தோட்டா என்கிற யோசனையை உங்கள் நண்பர் தயவுசெய்து விட்டுவிடட்டும். அரைக் கிலோ பிராணிக்கு அது எதற்கு? பத்து கஜத்தில் ரவை இன்னும் விரியாமல் ஒரே கொத்தாகப் போகும், அணிலில் சாப்பிட ஒன்றும் மிஞ்சாது. கொன்றுவிட்டு இறைச்சியை நாசம் செய்வது எனக்குப் பாவமாகவே படுகிறது.

என் சிபாரிசு 20 கேஜ், முக்கால் அவுன்சோ எட்டில் ஏழு பங்கு அவுன்சோ ரவை, 6-ஆம் நம்பர் ஈயம், மாடிஃபைட் சோக் (ரவை விரிவதை நடுத்தரமாகக் கட்டுப்படுத்தும் குழல் முனைக் குறுக்கம்). ஒரு அவுன்சுக்கு 6-ஆம் நம்பர் சுமார் 225 ரவை, ஆக தோட்டா ஒன்றில் 170-லிருந்து 200 வரை. 30, 35 கஜம் வரைக்கும் தாராளம். 7½ நம்பர் மலிவு, எங்கும் கிடைக்கும், ஆனால் அணிலின் தோல் நீங்கள் நினைப்பதைவிடத் தடிமன், அடிபட்டு ஓடிப் பொந்தில் போய்ச் சாகும். அதைவிடக் கொடுமை வேறு இல்லை.

ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். ஒரே வீட்டில் 12-ம் 20-ம் இருந்தால் தோட்டாக்களை ஒரே பையில் போடவே போடாதீர்கள். 20 கேஜ் தோட்டா 12 கேஜ் துப்பாக்கிக்குள் வழுக்கிப் போய்க் குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். சுட்டுப் பார்த்தால் வெடிக்காது, திறந்து பார்த்தால் காலியாகத் தெரியும். சரி, போடவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு 12 தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், இடது கை விரல்கள் இருக்கும் இடத்தில்தான் வெடிக்கும். இதற்காகவே 20 கேஜ் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். இருட்டில், கையுறை போட்ட கையில், மஞ்சள் எங்கே தெரியும்? வேட்டை உடுப்பை மாற்றும்போதெல்லாம் பாக்கெட்டைக் காலி செய்துவிட வேண்டும்.

புதுவேட்டை

அண்ணா, 20 கேஜைவிடச் சின்ன ஷாட்கன் .410 எப்படி? எனக்கு 20 கேஜ் உதை தோளில் வலிக்கிறது, மனைவியும் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார். .410 கனமும் இல்லை, சத்தமும் குறைவு. கடையில் ஆரம்பிக்கிறவர்களுக்கு அதுதான் நல்லது என்கிறார்கள்.

ஹிக்கரி நிழல்

கடைக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உதை குறைவு, உண்மை. ஆனால் இரண்டரை அங்குலத் தோட்டாவில் அரை அவுன்ஸ்தான் ரவை, 6-ஆம் நம்பரில் நூற்றுப் பத்து சொச்சம். அது விரிந்துவிட்டால் நடுவில் அணில் நுழைகிற அளவு ஓட்டை விழும். 20, 25 கஜத்துக்குள் நிதானமாகச் சுடத் தெரிந்தவருக்கு அருமையான துப்பாக்கி, புதியவருக்கு அடிபட்ட அணிலையே அதிகம் கொடுக்கும். மூன்று அங்குலத் தோட்டா கொஞ்சம் பரவாயில்லை.

உதைதான் கவலை என்றால் 20 கேஜிலேயே சற்றுக் கனமான துப்பாக்கி, லேசான தோட்டா எடுங்கள். தோளில் வைக்கும் பின்கட்டையின் நீளம் மனைவியின் கைக்குப் பொருந்துகிறதா என்று கடையிலேயே தோளில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீளமான கட்டையை நெஞ்சை வளைத்துப் பிடிப்பதால்தான் பாதி வலி வருகிறது. அப்புறம் அட்டையில் அணில் உருவம் வரைந்து 15, 25, 30 கஜத்தில் வைத்துச் சுட்டுப் பாருங்கள். தலையிலும் கழுத்திலும் நாலைந்து ரவையாவது விழுகிற தூரம் எதுவோ அதுதான் உங்கள் எல்லை, அதற்கு மேல் சுடாதீர்கள்.

பிட்ஸ்பர்க் பாண்டி

எல்லோரும் .22-வை வில்லனாக்குகிறீர்கள், எனக்கு வருத்தமாக இருக்கிறது. 1887-லிருந்து இருக்கிற தோட்டா, இந்த நாட்டில் பாதிப் பேர் வேட்டை கற்றதே அதில்தான். தலையில் ஒரே குண்டு, இறைச்சியில் ஒரு ரவை கிடையாது. ஷாட்கன் அணிலைச் சாப்பிட்டுப் பல் உடைந்தவர் எங்கள் குழுவிலேயே உண்டு, ஈயத்தை விழுங்குவதும் நல்லதல்ல.

தப்பு .22-வில் இல்லை, வானத்தைப் பின்னால் வைத்துச் சுட்டதில் இருக்கிறது. நான் எப்படிச் சுடுவேன் என்று சொல்கிறேன். அணில் தரையில் இருக்க வேண்டும், அல்லது தடிமனான அடிமரத்தில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும், அல்லது அதற்குப் பின்னால் மலைச்சரிவு இருக்க வேண்டும். மூன்றும் இல்லை என்றால் துப்பாக்கியைத் தூக்குவதே இல்லை, காத்திருப்பேன். நான் உட்காருவது எப்போதும் பள்ளத்தில், மேட்டு உச்சியில் ஒருபோதும் இல்லை. பள்ளத்திலிருந்து பார்த்தால் அநேக மரங்களுக்குப் பின்னால் சரிவு இருக்கும். பழைய கென்டக்கி ஆட்கள் அணிலைச் சுடாமல் அது படுத்திருக்கும் பட்டையைச் சுட்டு, அந்த அதிர்ச்சியிலேயே விழவைப்பார்களாம். டேனியல் பூன் அப்படிச் செய்ததைப் பார்த்ததாகப் பறவை ஓவியர் ஆடுபோன் எழுதியிருக்கிறார். அங்கேயும் குண்டு போய்ச் சேர்ந்தது மரத்தில்தான்.

சப்சானிக் (ஒலியைவிட மெதுவாகப் போகும்) தோட்டா போட்டால் சத்தமும் குறைவு, ஒரு அணில் விழுந்தாலும் பக்கத்து மரத்து அணில் ஓடாது. ஆனால் வேகம் குறைந்தது என்று நம்பி வானத்தை நோக்கிச் சுட்டால் அதுவும் மைல் கணக்கில் போகும். கல், உறைந்த தரை, தண்ணீர் மூன்றிலும் .22 தெறிக்கும். ஓடைக்கு நேராகச் சுடவே கூடாது.

அணில் தப்பியதாகச் சொன்னீர்களே, ஸ்கோப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். குழலுக்கு ஒன்றரை அங்குலம் மேலே ஸ்கோப் உட்கார்ந்து, 50 கஜத்துக்குச் சரிசெய்திருந்தால், 10 கஜத்தில் குண்டு குறிக்குச் சுமார் முக்கால் அங்குலம் கீழே படும். தலையைக் குறிவைத்தால் தாடையிலோ தொண்டையிலோ படும், அல்லது படவே படாது. மான் ரைஃபிள் ஸ்கோப்பை .22-வில் மாட்டியிருந்தால் இன்னும் மோசம். அதன் பாரலாக்ஸை (கண் நகர்ந்தாலும் குறி நகராத தூரத்தை) 100 கஜத்துக்கோ அதற்கு மேலோ வைத்திருப்பார்கள், கிட்டத்தில் கண் சற்று நகர்ந்தாலும் குறி நகரும். .22-வுக்கென்றே செய்த ஸ்கோப் 50 கஜத்துக்கு வைத்திருக்கும்.

கென்டக்கி தாத்தா

பாண்டி சொல்வது சரியான ஒழுக்கம், மறுக்கவில்லை. ஆனால் நிலத்துக்காரர் ரைஃபிள் கூடாது என்று சொல்லியாகிவிட்டதே. நிலம் அவருடையது, அதற்கு மேல் பேச்சில்லை.

சீசனையும் பார்க்க வேண்டும். ஜூனிலிருந்து அக்டோபர் வரை இலை அடர்த்தி. அணில் தெரிவதே 15, 20 கஜத்தில்தான், அதுவும் கிளை ஆடுவதையும் கொட்டை ஓடு உதிரும் சத்தத்தையும் வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம், நின்று குறிபார்க்க நேரம் இருக்காது. அங்கே ஷாட்கன்தான் இயல்பு. நவம்பர் போனபின் இலை கொட்டிவிடும், அணிலும் உஷாராகிவிடும், 40, 50 கஜத்தில் நம்மைப் பார்த்துவிடும், அப்போது எல்லோரும் .22 எடுப்பார்கள். உன் நண்பருக்கு நடந்தது அந்தக் காலத்தில்தான். இலை இருக்கும்போது பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது, இலை போனபின் தெரியும், ஆனால் பார்ப்பதில்லை.

.22-வைவிடச் சின்னக் குண்டு போடும் .17 எச்.எம்.ஆர். ரைஃபிள் வாங்கலாமா என்று யாராவது கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன், வேண்டாம். 17 கிரெயின் குண்டு, நொடிக்கு 2550 அடி வேகம். பட்டவுடன் சிதறுவதால் தெறிப்பது .22-வைவிடக் குறைவு, அது உண்மை. ஆனால் உடம்பில் பட்டால் பாதி அணில் காணாமல் போகும். ஆகாயத்தில் போனால் அதுவும் போய்க்கொண்டே இருக்கும். நிலத்துக்காரர் கண்ணுக்கு அதுவும் ரைஃபிள்தான்.

கொலம்பஸ் காற்று

ஏர் கன்னை யாரும் பேசவில்லையே? நம்மூரில் காக்கா விரட்ட வைத்திருப்பதை நினைக்காதீர்கள். இங்கே .22 அளவு ஏர் ரைஃபிள் 14-லிருந்து 18 கிரெயின் பெல்லட்டை (சின்ன ஈயக் குண்டை) காற்றழுத்தத்தால் தள்ளும், 30 கஜத்தில் தலையில் பட்டால் அணில் அந்த இடத்திலேயே விழும். பெல்லட்டின் உடம்பு இடுப்புச் சிறுத்துப் பின்பக்கம் விரிந்திருப்பதால் காற்று அதைச் சீக்கிரம் பிடித்து நிறுத்திவிடும், சில நூறு கஜத்துக்கு மேல் போகாது. வீடுகள் நெருங்கிய இடத்தில் எனக்கு இதைத் தவிர வேறு தோன்றாது. பின்னால் மரமோ சரிவோ வேண்டும் என்ற விதி இதற்கும் உண்டு. ஸ்பிரிங் வைத்த ஏர் ரைஃபிளைப் பிடிக்கப் பழக வேண்டும், இறுக்கிப் பிடித்தால் குறி தப்பும். மாநிலத்துக்கு மாநிலம் எந்த அளவு பெல்லட் அனுமதி என்பது மாறும், விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பிட்ஸ்பர்க் பாண்டி

விதி என்றதும் ஞாபகம் வந்தது, இது நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது. H1B வேலை விசா, மாணவர் விசா போன்றவற்றில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால்தான் விலக்கு. லைசென்ஸ் காலாவதியானால் விலக்கும் போச்சு, துப்பாக்கி அலமாரியில் சும்மா இருந்தாலும் சிக்கல். நண்பரின் துப்பாக்கியை ரேஞ்சில் வாங்கிச் சுட்டுப் பார்ப்பதும் இதில் அடங்கும். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. விசாவில் இருப்பவர்கள் வாங்குமுன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், நாடு விட்டுப் போகிற அளவுக்குப் போய்விடும் விஷயம் இது.

புதுவேட்டை

இது தெரியவே தெரியாது, நன்றி அண்ணா. இன்னொரு கேள்வி. இரண்டு பேர் போனால் ஒருவர் மரத்தைச் சுற்றி நடந்தால் அணில் மறுபக்கம் வரும், மற்றவர் சுடலாம் என்கிறார்களே, செய்யலாமா?

கென்டக்கி தாத்தா

செய்யலாம், நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஷாட்கன் வைத்துக்கொண்டு இரண்டு பேர் செய்கிற விபத்துகளில் இதுவும் ஒன்று. நடப்பவர் மரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறார், அணில் அடிமரத்தில் இறங்கி வருகிறது, உட்கார்ந்திருப்பவர் அணிலை மட்டும் பார்த்துக் குழலைத் தாழ்த்துகிறார், ரவை மரத்தின் இரு பக்கமும் வழிந்து போகிறது. எங்கள் வீட்டில் விதி இதுதான்: நடப்பவர் துப்பாக்கியைக் காலி செய்துவிட்டு நடப்பார், நின்றதும் குரல் கொடுப்பார், அணில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மேலே இருந்தால்தான் மற்றவர் சுடுவார். ஆரஞ்சு தொப்பியும் சட்டையும் போடுங்கள். பென்சில்வேனியாவில் 250 சதுர அங்குலம் கட்டாயம், மிசௌரியில் மான் சீசனில்தான் கேட்பார்கள், கேட்காவிட்டாலும் போடுங்கள். அணில் அதைக் கண்டு பெரிதாகப் பயப்படாது, நாம் அசைவதைக் கண்டுதான் பயப்படும்.

ஓசார்க் காட்டான்

எல்லோருக்கும் நன்றி. நண்பரிடம் இந்த இழை முழுவதையும் படித்துக்காட்டினேன். 12 கேஜ் யோசனையை விட்டுவிட்டார். 20 கேஜ் பம்ப் (முன்கட்டையை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் ஷாட்கன்) ஒன்று பார்த்து வைத்திருக்கிறார், 6-ஆம் நம்பர், லேசான தோட்டா. குளிர்காலத்துக்கு ஒரு ஏர் ரைஃபிள். .22-வை விற்கப் போவதில்லை, பள்ளத்தில் சரிவைப் பார்த்து உட்காரக்கூடிய வேறு இடம் கிடைத்தால் அங்கே எடுப்பார். நிலத்துக்காரரிடமும் எதிர் மேட்டு வீட்டாரிடமும் நிலப்படத்தைக் காட்டி, எந்தப் பக்கம் சுடலாம், எந்தப் பக்கம் கூடாது என்று கோடு போட்டு வாங்கிக்கொள்ளப் போகிறோம்.

ஷாட்கன்னுக்கு மாறியபின் ரவையை எப்படி எடுப்பது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள். இதுவரை எங்களுக்கு அந்த வேலை இருந்ததில்லை.

கென்டக்கி தாத்தா

தோலை உரித்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார், ரத்தம் கட்டிய புள்ளி எங்கே இருக்கிறதோ அங்கே ரவை நுழைந்திருக்கிறது. பெரும்பாலும் முடியையும் இழுத்துக்கொண்டு போயிருக்கும், சின்னக் கத்தி முனையால் முடியை இழுத்தால் ரவையும் வந்துவிடும். உப்புத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவை, ரத்தம் இறங்கிவிடும். கிழட்டு அணில் என்றால் குக்கரில் வேகவைத்து எலும்பிலிருந்து பிரித்து, விரலால் ஒவ்வொரு துண்டாக நசுக்கிப் பார்த்த பிறகு மிளகு போட்டு வறு. குழந்தைக்குக் கொடுக்கும் துண்டை இரண்டு முறை பார். மூளையைச் சாப்பிடாதே, எங்கள் ஊரில் பழைய ஆட்கள் சாப்பிடுவார்கள், 1997-ல் மருத்துவர்கள் அதைப் பற்றி எச்சரித்த பிறகு நாங்கள் விட்டுவிட்டோம்.

வாலைத் தூக்கிப் போட வேண்டாம். விஸ்கான்சினில் அன்டிகோ ஊரில் மெப்ஸ் என்று மீன்பிடித் தூண்டில் செய்கிற கம்பெனி அணில் வாலை வாங்குகிறது. எலும்போடு அப்படியே நேராக வைத்து, வெட்டிய முனையில் உப்புத் தடவி ஃப்ரீஸரில் போட்டுவை, பிளாஸ்டிக் பையில் மூடி வெளியே வைத்தால் அழுகிவிடும்.